சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) சொல்வதை எல்லாம் இலங்கை அரசு அப்படியே செய்துதான் ஆக வேண்டுமா?

இல்லை. ஆனால் "எதையும் மறுக்கலாம்" என்றும் அர்த்தமில்லை. ஒரு நிபந்தனையைத் தவறவிட்டால் பணம் நின்றுவிடும். இன்னொன்றைத் தவறவிட்டால் அறிக்கையில் ஒரு வரி மட்டும் வரும். எந்த நிபந்தனை எந்த வகையில் போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நமது செய்திகளில் அதைப் பற்றி அநேகமாக எதுவும் வருவதில்லை.

முதலில் சட்ட நிலை. நாணய நிதியத்தோடு நாடு செய்துகொள்வது சர்வதேச ஒப்பந்தம் அல்ல. நிதியமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையெழுத்திட்டு ஒரு விருப்பக் கடிதம் அனுப்புகிறார்கள். "நாங்கள் இன்னின்னதைச் செய்யப் போகிறோம், அதற்கு உதவுங்கள்" என்ற தோரணையில் அது இருக்கும். வாசகங்களில் பெரும்பகுதி நிதியத்தின் ஊழியர்களும் அமைச்சு அதிகாரிகளும் வரிக்கு வரி பேரம் பேசி எழுதியவை. கடிதத்தில் உள்ளதைச் செய்யாவிட்டால் எந்த நீதிமன்றமும் கேட்காது. அடுத்த தவணை வராது, அவ்வளவுதான். இலங்கை இதை ஒருமுறை செய்தும் இருக்கிறது: 2016 ஜூனில் 1.5 பில்லியன் டாலர் திட்டம் தொடங்கியது. 2019 டிசம்பரில் அரசு வற் வரியை 15 இலிருந்து 8 வீதமாக இறக்கியது. அதற்குப் பிறகு எந்த மீளாய்வும் (தவணைக்கு முன் நிதியம் செய்யும் சரிபார்ப்பு) முடியவில்லை, கடைசித் தவணை வராமலே 2020 இல் திட்டம் காலாவதியானது.

அப்படியானால் 2022க்குப் பிறகு ஏன் இவ்வளவு பணிவு? பணத்தின் அளவு காரணமல்ல. 2023 மார்ச் 20 இல் நிதியத்தின் நிறைவேற்றுச் சபை (கடன்களை அனுமதிக்கும் அமைப்பு) அனுமதித்தது 48 மாதங்களுக்குச் சுமார் 3 பில்லியன் டாலர். ஆனால் நிதியத்தின் அனுமதி என்ற அந்த முத்திரை இல்லாமல் கடன் மறுசீரமைப்பே நடக்காது. 2024 இல் முடிந்த பேச்சுகளில் உத்தியோகபூர்வக் கடன் வழங்குநர் குழுவோடு (கடன் கொடுத்த அரசுகளின் குழு) 5.8 பில்லியன், சீன எக்ஸிம் வங்கியோடு சுமார் 4.2 பில்லியன், சர்வதேசப் பிணைமுறிகளில் சுமார் 12.5 பில்லியன் டாலர் மறுசீரமைக்கப்பட்டன. உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் வரவுசெலவுத் திட்டத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் கடனும் இதே முத்திரையைப் பார்த்துத்தான் வரும்.

நிதியத்தின் கையும் கட்டுண்டுதான் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கடன் தாங்குநிலை இல்லாத, அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் நிலையில் இல்லாத நாட்டுக்கு அது பணம் கொடுக்க முடியாது. அப்படியான நாடென்றால், கடனைத் தளர்த்துவோம் என்று கடன் கொடுத்த அரசுகள் முதலில் உறுதிமொழி தர வேண்டும். ஊழியர் மட்ட இணக்கப்பாடு (சபைக்குப் போகுமுன் நிதியத்தின் ஊழியர்களோடு எட்டும் உடன்பாடு) 2022 செப்டம்பர் 1 இலேயே வந்துவிட்டது. பணம் வர ஆறரை மாதம் ஆனதற்கு முக்கிய காரணம் கொழும்போ வாஷிங்டனோ அல்ல. இந்தியா 2023 ஜனவரியில் உறுதிமொழி கொடுத்தது. சீன எக்ஸிம் வங்கி முதலில் இரண்டு வருட ஒத்திவைப்பை மட்டும் தர முன்வந்தது. அது போதாது என்றானது. மார்ச்சில் கடிதம் மாறிய பிறகே சபை கூடியது. ஒரு நாட்டின் வங்கி எழுதும் ஒரு கடிதம், 190 நாடுகளின் நிறுவனத்தைக் காத்திருக்க வைத்தது.

இனி நிபந்தனைகளின் வகைகள். கடுமையானவை முன் நடவடிக்கைகள்: சபை கூடுவதற்கு முன் செய்து முடித்தாக வேண்டும், இல்லையென்றால் கூட்டமே இல்லை. அடுத்தது எண் இலக்குகள், அதாவது செயற்திறன் அளவுகோல்கள். ஜூன் 30, டிசம்பர் 31 நிலவரத்தை வைத்து அளப்பார்கள்: வட்டி நீங்கலான வரவுசெலவு மீதி, மத்திய வங்கியின் நிகர வெளிநாட்டு ஒதுக்கு, மத்திய வங்கி அரசுக்குக் கொடுத்த நிகரக் கடன், அரசு கொடுக்காமல் வைத்திருக்கும் பாக்கிகள். இதில் ஒன்று தவறினால் சபை விசேட விலக்கு கொடுக்க வேண்டும். மூன்றாவது கட்டமைப்பு அளவுகோல்கள்: இந்தத் திகதிக்குள் இந்தச் சட்டம், இந்த அறிக்கை என்பவை. தாமதமானால் ஊழியர்கள் விளக்கம் கேட்பார்கள், பெரும்பாலும் புதிய திகதி போடப்படும். கடைசியாக, வெறும் சுட்டு இலக்குகள். தவறினால் விலக்கு கூடத் தேவையில்லை.

மின்கட்டணத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில், மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத்தைச் சராசரியாக 20 வீதம் குறைத்தது. நுகர்வோருக்கு நிம்மதி. ஆனால் உற்பத்திச் செலவை ஈடுசெய்யும் கட்டணம் என்பது திட்டத்தின் அடிப்படை, ஏனெனில் மின்சார சபையின் நட்டம் கடைசியில் திறைசேரியின் தலையில் விழும். ஏப்ரலில் நான்காவது மீளாய்வுக்கு ஊழியர் மட்ட இணக்கப்பாடு வந்தபோது, கட்டணத்தை மீண்டும் செலவுக்கு ஈடாக்குவதும் தன்னியக்கக் கட்டணத் திருத்த முறையை ஒழுங்காக இயங்க வைப்பதும் முன் நடவடிக்கைகளாகிவிட்டன. ஜூன் நடுப்பகுதியில் கட்டணம் 15 வீதம் கூடியது. ஜூலை 1 இல் சபை தவணையை விடுவித்தது. ஆணைக்குழு சுயாதீனமானது, நிதியம் அதற்குக் கட்டளையிடவில்லை என்பது காகிதத்தில் சரி. நடைமுறையில் கூட்டத் திகதியே அழுத்தமாக வேலை செய்தது.

இதற்கு நேர்மாறானது சமூகநலச் செலவு. அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரச கொடுப்பனவு) போன்றவற்றுக்கு இவ்வளவாவது செலவழிக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவும் திட்டத்தில் உண்டு. ஆனால் அது சுட்டு இலக்கு. 2024 டிசம்பர் இறுதிக்கான எண் இலக்குகளில் அரசு தவறவிட்ட ஒரே ஒன்று இதுதான். 2025 பெப்ரவரி 28 இல் மூன்றாவது மீளாய்வு முடிந்து 334 மில்லியன் டாலர் எந்தத் தடையுமின்றி வந்தது. மின்கட்டணம் குறைந்தால் கூட்டம் நிற்கும். ஏழைகளுக்கான பணம் போய்ச் சேராவிட்டால் அறிக்கையில் ஒரு வாக்கியம். இந்த வேறுபாடு எனக்கு ஏற்கத்தக்கதாக இல்லை. இதைக் குறைந்தபட்சம் செயற்திறன் அளவுகோலாகவாவது மாற்றும்படி கேட்க வேண்டியது நமது பாராளுமன்றம்.

அரசுக்கு உண்மையான இடம் எங்கே இருக்கிறது? மொத்தத் தொகையில் அநேகமாக இல்லை. 2025 முதல் வட்டி நீங்கலான மீதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் உபரியாக இருக்க வேண்டும். 2032 இல் பொதுக் கடன் 95 வீதத்துக்குக் கீழே வர வேண்டும். இந்த எண்கள் கடன் தாங்குநிலைக் கணக்கிலிருந்து வருபவை, ஒன்றை அசைத்தால் கடன் வழங்குநர்களோடு செய்த உடன்பாடுகளும் அசையும். ஆனால் அந்தத் தொகையை யாரிடமிருந்து எடுப்பது என்பதில் இடம் தாராளமாக இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஆட்சி மாறியதும் மாதச் சம்பளத்துக்கான வருமான வரி விலக்கெல்லை 100,000 ரூபாயிலிருந்து 150,000 ஆக உயர்த்தப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிதியம் ஒப்புக்கொண்டது, ஏனெனில் வாகன இறக்குமதியைத் திறந்து அந்த வரியால் வருமானத்தைச் சரிக்கட்ட முடிந்தது. மாற்று வழியைக் கணக்கோடு கொண்டுபோனால் பேரம் படிகிறது.

இதே இடம் தவறாகவும் பயன்படுத்தப்படலாம். 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, ஊழியர் சேமலாப நிதியம் தன் திறைசேரி முறிகளை நீண்டகால முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது: 2025 வரை 12 வீத வட்டி, பிறகு 9. மாற்றாவிட்டால் அந்த வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதில் 30 வீத வரி. வங்கிகள் வைத்திருந்த முறிகள் தொடப்படவில்லை. வங்கிகளின் உறுதிநிலை என்ற காரணம் சொல்லப்பட்டது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் தொழிலாளரின் ஓய்வூதியச் சேமிப்பில் கைவைக்கும் வடிவத்தை வரைந்து பாராளுமன்றத்தில் நிறைவேற்றியது கொழும்பு. "ஐ.எம்.எஃப். சொன்னது" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் அந்தப் பொறுப்பு காணாமல் போய்விடக் கூடாது.

வாக்குப் பலம் பற்றி: அமெரிக்காவிடம் சுமார் 16.5 வீத வாக்கு இருக்கிறது. நிதியத்தின் அமைப்பு சார்ந்த பெரிய முடிவுகளுக்கு 85 வீதம் தேவை என்பதால் அது மறுப்பதிகாரமாகிறது. நாட்டுக் கடன் முடிவுகளுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், பெரும்பாலும் வாக்கெடுப்பே நடக்காது. இலங்கைக்குத் தனி ஆசனம் இல்லை. இந்தியா, பங்களாதேஷ், பூட்டானோடு ஒரே தொகுதி. உண்மையான பேரம் அந்த மேசைக்கு வருவதற்கு முன்பே, நிதியமைச்சுக்கு வரும் ஊழியர் குழுவோடு முடிந்துவிடும்.

ஆகவே அடுத்த மீளாய்வு வரும்போது பத்திரிகை அறிக்கையோடு நிறுத்தாதீர்கள். நிதியத்தின் இணையதளத்தில் முழு நாட்டு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். விருப்பக் கடிதத்தின் இணைப்பாக வரும் பொருளாதாரக் கொள்கைக் குறிப்பின் இறுதியில் எண் இலக்குகளுக்கு ஓர் அட்டவணையும் கட்டமைப்பு அளவுகோல்களுக்கும் முன் நடவடிக்கைகளுக்கும் இன்னோர் அட்டவணையும் இருக்கும். முந்தைய மீளாய்வின் அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் திகதி தள்ளிப்போனது, எது முன் நடவடிக்கையாக ஏறியது, எது சத்தமில்லாமல் மறைந்தது என்பதெல்லாம் அங்கே தெரியும். உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அந்த இரண்டு அட்டவணைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தில் இருக்கின்றன.