பெப்டைடு தேடல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடையைத்தானே சொல்கிறது, அதில் அமினோ அமில வரிசை எப்படித் தெரிகிறது?

பதில்: டிரிப்சின் என்ற நொதியைப் போட்டால் புரதம் லைசின் அல்லது ஆர்ஜினின் வரும் இடங்களை அடுத்துத் துண்டாகும். அந்தத் துண்டுதான் பெப்டைடு. அதைக் கருவி இன்னொரு முறை உடைத்து, சிறு துண்டுகளின் எடைகளை ஒரு வரைபடமாக (ஸ்பெக்ட்ரம்) தருகிறது, அதில் ஒவ்வொரு எடையும் ஒரு கூர்முனை (பீக்). ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரண்டு பீக்குகளுக்கு இடையே 57.02 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வந்தால் கிளைசின், 71.04 வந்தால் அலனின். கேட்க எளிதுதான், ஆனால் நிஜ ஸ்பெக்ட்ரத்தில் பாதி பீக் காணாமல் போயிருக்கும், மீதியில் இரைச்சல் கலந்திருக்கும். அதனால்தான் 1994-இல் வந்த செக்வெஸ்ட் என்ற மென்பொருள் வேலையைத் தலைகீழாகப் போட்டது: தெரிந்த புரத வரிசைகளின் டேட்டாபேஸில் அதே எடையுள்ள பெப்டைடுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி உடையும் என்று கணக்கிட்டு, உங்கள் ஸ்பெக்ட்ரத்தோடு ஒப்பிட்டது. இன்றைய தேடல் மென்பொருள்கள் பெரும்பாலானவை அதே வழியில்தான் போகின்றன.

கேள்வி: அப்படியென்றால் முதலிடம் வந்த பெப்டைடை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் மென்பொருள் எதையாவது முதலிடத்தில் உட்கார வைக்கும். அதைப் பிடிக்கத்தான் டீகாய், அதாவது பொய் வரிசைகள். புரத வரிசைகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, இல்லாத புரதங்களாகச் சேர்த்துத் தேடுங்கள். குருட்டாம்போக்கில் பொருந்துவது நிஜத்திலும் பொய்யிலும் ஏறக்குறைய சமமாக விழும். ஸ்கோர் வரம்புக்கு மேலே நிஜம் 1000, டீகாய் 10 என்றால் தவறு சுமார் 1%.

கேள்வி: பெப்டைடு பொருத்தங்களுக்குத் தவறு வரம்பை 1% வைத்தேன், புரதப் பட்டியலிலும் தவறு 1% தானே சார்?

பதில்: சார் இல்லை, அக்கா. பட்டியலும் 1% இல்லை, பலரும் சறுக்குவது இங்கேதான். சரியான பொருத்தங்கள் ஒரே புரதத்தில் பத்து, இருபது என்று குவியும், தவறானவை ஆளுக்கொரு புரதமாகச் சிதறும், அதனால் புரத அளவில் பிழை பல மடங்கு ஏறிவிடும். அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஒற்றைப் பெப்டைடை மட்டும் நம்பி நிற்கும் புரதத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

கேள்வி: தேடலில் அமினோ அமிலங்களில் ஏறக்கூடிய எல்லா வேதி மாற்றங்களையும் டிக் செய்தால் நிறைய கிடைக்குமே?

பதில்: குறையவும் செய்யலாம். பாஸ்பேட் ஏறக்கூடிய 3 இடம் இருந்தாலே ஒரு பெப்டைடு 8 வடிவமாகிறது, தேடும் இடம் பெருகப் பெருகத் தற்செயல் பொருத்தமும் பெருகும், அதே 1%-க்கு ஸ்கோர் வரம்பும் ஏறும். மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம், அப்புறம் அயோடோஅசிட்டமைடு (சிஸ்டீனோடு சேரும் வேதிப்பொருள்) போட்டிருந்தால் சிஸ்டீனில் 57.02 டால்டன் கூடுதல், இவற்றோடு தொடங்குங்கள். எதிர்பாராத மாற்றம் தேட எம்எஸ்ஃபிராகர் மாதிரி மென்பொருளில் எடை வித்தியாசத்தை அனுமதிக்கும் திறந்த தேடல் இருக்கிறது.

கேள்வி: எங்கும் கெரட்டின் வருகிறது!

பதில்: பெரும்பாலும் உங்கள் தோல், தலைமுடி. கையுறை போடுங்கள். டேட்டாபேஸிலிருந்து மட்டும் அதை நீக்காதீர்கள், நீக்கினால் அந்த ஸ்பெக்ட்ரம் வேறொரு புரதத்தின் தலையில் விழும்.

கேள்வி: என் பூச்சிக்கு மரபணுத் தொகுதியே வெளியாகவில்லை.

பதில்: நெருங்கிய இனத்தின் புரதங்களை வைத்துத் தேடிப் பாருங்கள், கூடவே பீக்ஸ், காசனோவோ போன்ற மென்பொருள்களில் டேட்டாபேஸ் இல்லாமல் ஸ்பெக்ட்ரத்திலிருந்தே நேரடியாக வரிசையைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கிளைசின் சேர்ந்தால் அச்சாக ஒரு அஸ்பரஜினின் எடை, நடுவில் உடைந்த பீக் கிடைத்தால்தான் பிரித்தறியலாம். லைசினுக்கும் குளூட்டமினுக்கும் 0.036 டால்டன்தான் வித்தியாசம், கருவி துல்லியமாக இருந்தால் பிரியும். லூசின், ஐசோலூசின் இரண்டும் ஒரே எடை, வழக்கமான உடைப்பில் பிரியாது. அந்த இடத்தில் இரண்டில் ஒன்று என்று எழுதிவிட்டுப் போங்கள்.