வீட்டில் முடியை நேராக்கினேன், நுனி நார் நாராகிவிட்டது: மறுபடி செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. இடுப்புக்குச் சற்று மேல் வரை அடர்த்தியான சுருட்டை முடி. பார்லரில் ஸ்ட்ரெயிட்னிங் செய்ய ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் ஆன்லைனில் ஒரு ஸ்ட்ரெயிட்னிங் கிரீம் வாங்கி, ஒன்றரை மாதத்துக்கு முன்பு அக்காவின் உதவியோடு வீட்டிலேயே போட்டேன். பெட்டியில் 20 நிமிடம் என்று இருந்தது. முடி அடர்த்தி என்பதால் முக்கால் மணி நேரம் விட்டோம். இரண்டாவது கிரீம் பாதி முடிக்குத்தான் வந்தது. இப்போது உச்சியில் அலையலையாகவும் நடுவில் நேராகவும் இருக்கிறது. நுனி நார் நாராகிவிட்டது; சீவினால் துண்டு துண்டாக உடைகிறது. இளநரைக்காக மாதம் ஒருமுறை கறுப்பு மருதாணி பாக்கெட் போடும் பழக்கமும் உண்டு. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் மறுபடி கிரீம் போட்டால் வழவழவென்று வருமா? இல்லை, வீட்டிலேயே செய்துகொள்ளும் கெரட்டின் வாங்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கல்யாணத்தன்று முடி நன்றாக இருக்க வேறு வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் முடிக்கு என்ன ஆனது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால்தான் அடுத்த முறையாவது சரியாக வரும்.

முடியின் சுருளைப் பிடித்து வைத்திருப்பவை கெரட்டின் என்ற புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். தலைக்குக் குளித்தாலோ, அயர்ன் செய்தாலோ விடுபடுபவை பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகள். அவை ஈரம் பட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதனால்தான் அயர்ன் செய்த முடி ஒரு தூறலிலேயே சுருண்டுகொள்கிறது. நீங்கள் போட்ட முதல் கிரீம் கந்தகப் பிணைப்பையே பிரிப்பது. பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். அநேகமாக அம்மோனியம் தயோகிளைகோலேட் என்று இருக்கும். அழுகிய முட்டையும் அமோனியாவும் சேர்ந்த அந்த வாடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கை, கால் முடியை நீக்கும் கிரீம்களிலும் பெரும்பாலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான் இருக்கிறது. அங்கே காரத்தன்மை இன்னும் அதிகம் என்பதால் சில நிமிடங்களிலேயே முடி கூழாகி வழித்தெடுக்க வருகிறது. ஆக, முடி நேராவதும் கரைந்துபோவதும் மருந்தின் அளவு, காரத்தன்மை, ஊறும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முடியை நேராக்கும் கிரீமில் இந்தப் பொருள் பொது உபயோகத்துக்கு 8 சதவீதம், பார்லர்காரர்களுக்கு 11 சதவீதம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். அளவும் காரமும் தயாரிப்பவர் கையில். நேரம் மட்டும்தான் உங்கள் கையில் இருந்தது, அதை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டிவிட்டீர்கள். முடி அடர்த்தி என்று நேரத்தைக் கூட்டுவது பலரும் செய்வதுதான். ஆனால் தலையில் எத்தனை முடி இருக்கிறது என்பது கிரீமுக்குத் தெரியாது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத்தான் ஊறுகிறது. அடர்த்திக்கு ஏற்பக் கூட்ட வேண்டியது கிரீமின் அளவையும் உதவிக்கு வரும் கைகளையும்தான்.

அதைவிடப் பெரிய சேதம் இரண்டாவது கிரீமில் நடந்திருக்கிறது. முதல் கிரீம் தையலைப் பிரிக்கிறது, சீப்பு துணியை நேராக இழுத்துவிடுகிறது, நியூட்ரலைசர் எனப்படும் இரண்டாவது கிரீம் அந்த நேரான நிலையிலேயே மறுபடி தைக்கிறது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்று இருக்கும். உங்களுக்கு அது பாதி முடிக்குத்தான் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் மீதிப் பாதி பிரித்த தையலோடு அப்படியே நிற்கிறது. நடுவில் வழவழப்பு, நுனியில் உடைசல் என்று ஒரே தலையில் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். உச்சியில் தெரியும் அலையில் ஒரு பகுதி புதிதாக வளர்ந்தது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். சுருளைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கும் வேர்க்காலின் வளைவு என்பதால், வெளியே என்ன செய்தாலும் புது முடி சுருட்டையாகத்தான் வரும்.

கறுப்பு மருதாணி பற்றி நீங்களே எழுதியது நல்லதாயிற்று. சுத்தமான மருதாணி கறுப்பு நிறம் தராது. கறுப்பாக வருகிறது என்றால் பெரும்பாலும் பிபிடி என்ற சாயம் கலந்திருக்கிறது. சில பாக்கெட்டுகளில் உலோக உப்புகளும் இருக்கும். அந்த உப்பு படிந்த முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடாகி, நிறம் மாறி, உடைந்துபோகவும் கூடும். சுத்த மருதாணியே என்றாலும் அது இழையில் படிந்து கெட்டியாக ஒட்டிக்கொள்வதால் கிரீம் ஒரே சீராக உள்ளே இறங்காது, திட்டுத்திட்டாகத்தான் நேராகும். மாதாமாதம் போட்டதால் அதிகம் படிந்திருப்பது உங்கள் நுனியில்தான். கறுப்பு மருதாணி ஏறிய முடி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போகும் வரை ரசாயன ஸ்ட்ரெயிட்னிங்கை நினைக்காமல் இருப்பதே உத்தமம்.

இப்போது உங்கள் முடி எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஈரமாக இருக்கும்போது ஒற்றை முடியை இரண்டு விரல்களால் மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பினால் பரவாயில்லை. சட்டென்று அறுந்தாலோ, இழுத்த இழுப்புக்கு நீண்டு திரும்பாமல் நின்றாலோ உள்ளே புரதம் வலுவிழந்துவிட்டது. தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது. அது ஆறாது, பூச்சுகளால் கொஞ்சநாள் தாங்கும். அவ்வளவுதான்.

சரி, மருதாணியும் கிரீமும் பட்ட முடி வெட்டுப்பட்டுப் போய், புது முடி போதுமான அளவு வளர்ந்தபின் வீட்டிலேயே செய்துபார்க்க ஆசை என்றால், வழவழப்பு எங்கே கிடைக்கிறது என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. பார்லரில் முதல் கிரீமை அலசி, முடியைக் காயவைத்து, மெல்லிய கற்றைகளாகப் பிரித்து அயர்ன் செய்து, அதற்குப் பிறகுதான் நியூட்ரலைசர் போடுகிறார்கள். கம்பி மாதிரி நேராக வருவது அந்த அயர்னால். கிரீம் போட்ட முடி அந்த நிமிடத்தில்தான் மிகப் பலவீனமாக இருக்கும், பழகாத கை அங்கே சூட்டை வைத்தால் முடி கருகிவிடும். அதனால் வீட்டில் கிரீமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சுருள் தளர்ந்து, பம்மல் அடங்கி, சீவ எளிதாக இருந்தால் அதுவே நல்ல பலன். கம்பி நேர்தான் வேண்டும் என்றால் பார்லருக்குக் காசு சேர்ப்பதே மலிவு.

இரண்டு நாள் முன்பு காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு கிரீம் போட்டு, பெட்டியில் சொன்ன நேரத்தில் கழுவிவிட்டு, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று 48 மணி நேரம் பாருங்கள். பிடரிப் பக்கம் உள்ளிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டி, கிண்ணத்தில் வைத்து இரண்டு கிரீமையும் முழு நேரமும் போட்டுப் பாருங்கள். சூடானால், நிறம் மாறினால், அலசிய பின் இழுத்ததும் அறுந்தால் அந்தப் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள். ஒரு கற்றையை இழப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இடுப்பு வரை முடிக்கு ஒரு பெட்டி போதாது, அதுவும் நடுவில்தான் தெரியவரும் என்பதால் முன்பே இரண்டோ மூன்றோ வாங்கிவையுங்கள். ஒரே பிராண்டாக, ஒரே வகையாக இருக்கட்டும்.

அன்றைக்கு எண்ணெய் இல்லாத தலை வேண்டும். ஆனால் நகத்தால் பரபரவென்று தேய்த்துக் குளித்துவிட்டு உடனே கிரீம் போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் எரியும். நெற்றி ஓரம், காது மடல், பிடரி ஆகிய இடங்களில் வாசலின் தடவுங்கள். கையுறை அவசியம். முடியை நான்காக வகிடு எடுத்துப் பிரித்து, பிளாஸ்டிக் கிண்ணம், பிளாஸ்டிக் சீப்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, விரல் அகலக் கற்றைகளாக, பிடரியிலிருந்து மேலே வாருங்கள். நெற்றியோர முடி மெல்லியது, சீக்கிரம் நேராகிவிடும், அதனால் அது கடைசி. நுனியும் கடைசிச் சில நிமிடங்களுக்கு இருந்தால் போதும். முதல் கற்றைக்கும் கடைசிக் கற்றைக்கும் நடுவில் நேரம் போய்விடுவதுதான் நீண்ட முடியின் சிக்கல். இருவர் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பூசினால் அது பாதியாகக் குறையும்.

பெட்டியில் சொன்ன நேரத்தின் பாதியில் ஒரு கற்றையைத் துடைத்துப் பாருங்கள். சுருள் தளர்ந்திருந்தால் போதும், மீதி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. அகலப் பல் சீப்பால் மெல்ல ஒருமுறை, இரண்டு முறை வழித்துவிடுவதோடு சரி. இறுக்கி இழுக்க வேண்டாம். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கிரீமின் வழுவழுப்பு முற்றிலும் போகும்வரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றியெடுத்து, சொட்டும் ஈரம் போனபின் நியூட்ரலைசரை ஒரு இழை விடாமல் தாராளமாகப் போட்டு, சொன்ன நேரம் முழுவதும் வையுங்கள். முதல் கிரீமில் நேரத்தைக் குறைக்கலாம், இதில் குறைக்கக் கூடாது. முடி மடங்காமல் நேராகத் தொங்க வேண்டும். கொண்டை போட்டு உட்கார்ந்தால் கொண்டையின் வளைவே நிலைத்துவிடும். அதன்பின் மூன்று நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம், பின்னல், கிளிப், ரப்பர் பேண்டு வேண்டாம், காதுக்குப் பின்னால் ஒதுக்கவும் வேண்டாம்.

எங்காவது எரிந்தால் நேரம் பார்க்காமல் உடனே கழுவிவிடுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறு ஊற்றினால் புண் பெரிதாகும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தலையில் புண், சொரியாசிஸ், பேனால் வந்த சொறி இருப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே பிளீச் செய்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ‘ரிலாக்சர்’ என்று ஒரு டப்பா கொண்டுவந்து தருவதுண்டு. அது வேறு ஜாதி. மிக இறுக்கமான சுருள் கொண்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடிக்காக உருவானது. சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது குவானிடின் ஹைட்ராக்சைடு இருக்கும். காரத்தன்மை மிகமிக அதிகம். தயோகிளைகோலேட் பட்ட உங்கள் முடிமேல் அதைப் போட்டால் கற்றையாகக் கையோடு வந்துவிடும். 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 33,947 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.64 என்று மதிப்பிட்டார்கள். இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஒரே ஒருமுறை போட்ட நீங்கள் பயப்படவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பழக்கமாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

கெரட்டின் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் வருவதில் வேலை செய்வது பெரும்பாலும் கெரட்டின் அல்ல. அயர்ன் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும் பொருளோ, அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமோதான். முன்னது கண், மூக்கு, நுரையீரலை எரிக்கும், புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்டது. ஜன்னல் இல்லாத அறையில் செய்வது ரொம்ப மோசம். பின்னதைப் பற்றி 2024இல் பிரான்ஸ் மருத்துவர்கள் எழுதினார்கள். 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என மூன்று முறையும் முடியை நேராக்கியபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. எலிகளின் தோலில் அந்தக் கிரீமைப் பூசிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் தெரிந்தன. பெட்டியில் கிளையாக்சிலிக் என்று கண்டால் கீழே வைத்துவிடுங்கள்.

தேங்காய்ப்பால், எலுமிச்சை, சோளமாவு விழுது கந்தகப் பிணைப்பைத் தொடாது. ஒருநாள் பளபளப்பு வரும், மறுமுறை குளித்ததும் போய்விடும். எலுமிச்சை இல்லாமல் போட்டுக்கொண்டால் கெடுதலும் இல்லை.

கல்யாணத்துக்கு வருவோம். நார் நாரான நுனியை இப்போதே இரண்டு மூன்று அங்குலம் வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் வெடிப்பு மேலே ஏறும். குளிப்பதற்கு அரை மணி முன்பு நீளத்தில் மட்டும் தேங்காயெண்ணெய், பிறகு மிதமான ஷாம்பூ, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர். கறுப்பு மருதாணியை நிறுத்துங்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் பார்லரில், முழுவதும் உலர்ந்த முடியில், சூடு தாங்கும் சீரம் தடவி, 180 டிகிரிக்கு மேல் போகாமல் ஒரே ஒரு அயர்னிங் செய்தால் இரண்டு நாளைக்கு வழவழவென்று நிற்கும். முகூர்த்தத்துக்கு மணப்பெண்ணின் அக்காவை எப்படியும் சடை பின்னிப் பூ வைக்காமல் விடப்போவதில்லை. வரவேற்புக்குத்தானே விரித்த கூந்தல்?

உதிரும் முடியை ஒருநாள் வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, கிரீமோடு சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். குமிழ் இல்லாத துண்டுகள் என்றால் உடைசல். வேரோடு உதிர்வது தினமும் நூறைத் தாண்டிக்கொண்டே போனாலோ, தலையில் கொப்புளம், சொட்டை எங்காவது தெரிந்தாலோ ஆவணி வரை காத்திருக்காமல் பக்கத்தில் உள்ள சரும நோய் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கிரீம் பெட்டியையும் மருதாணி பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.