மறுநாள் கால்வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணமா?

கேள்வி: இரண்டு மாதங்களாக ஓட்டப்பயிற்சி செய்து வருகிறேன். வேகமாக ஓடும்போது தொடை எரிகிறது. அடுத்த இரண்டு நாட்களும் வலிக்கிறது. தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை அழுத்திப் பிடித்துவிட்டு வெளியேற்ற வேண்டும் என்கிறார்கள். சரியா?

பதில்: சரியன்று. நீங்கள் சொல்லும் எரிச்சலும் வலியும் வெவ்வேறு காரணங்களால் வருபவை.

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற, ஆற்றல் தரும் மூலக்கூறு வேண்டும். உயிரணுவில் இருப்பில் உள்ள ஏடிபி சில விநாடிகளுக்கே போதுமானது என்பதால், அதை இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. முதல் கட்டத்தில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு, பைருவேட் என்ற இரண்டு சிறிய மூலக்கூறுகளாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, நிகர வரவு 2 ஏடிபி மட்டுமே. அந்தப் பைருவேட், உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று, ஆக்சிஜனின் துணையுடன் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் முழுவதும் சிதைந்தால், மொத்த வரவு ஏறத்தாழ 30 முதல் 32 வரை உயர்கிறது. (பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்றிருக்கும், அது சவ்வுகளில் ஏற்படும் கசிவையும் கடத்தல் செலவையும் கழிக்காத கணக்கு.)

வேகமாக ஓடும்போது, மைட்டோகாண்ட்ரியா ஏற்றுக்கொள்ளும் வேகத்தைவிடப் பைருவேட் விரைவாகக் குவிகிறது. முதல் கட்டம் தொடர்ந்து நடக்க என்ஏடி என்ற துணைப்பொருள் தேவை. அது தீர்ந்துபோனால் அந்த 2 ஏடிபியும் கிடைக்காது. எனவே தசை பைருவேட்டை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம் இதுதான்) மாற்றி என்ஏடியை மீட்டுக்கொள்கிறது. இப்படி மாற்றுவதை நொதித்தல் என்பார்கள். அதன் பயன் இந்த மீட்புதான், அந்தப் படியில் தனியாக ஆற்றல் எதுவும் கிடைப்பதில்லை. ஈஸ்ட் இதே தேவைக்காக எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத நம் இரத்தச் சிவப்பணுக்களோ வாழ்நாள் முழுவதும் லாக்டேட் வழியையே நம்பியிருக்கின்றன.

லாக்டேட்டைக் கழிவு என்று ஒதுக்குவதும் தவறு. இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக்கிக்கொள்ள, கல்லீரல் அதிலிருந்து மீண்டும் குளுக்கோஸ் தயாரிக்கிறது. கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் கண்டறிந்ததால் இதற்குக் கோரி சுழற்சி என்று பெயர். ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்த லாக்டேட் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். அப்படியிருக்க, மறுநாள் வலிக்கு அதைப் பொறுப்பாக்க முடியாது.

ஓடும்போது தோன்றும் எரிச்சல் அந்த நேரத்தில் தசையில் அமிலத்தன்மை கூடுவதோடு தொடர்புடையது. வேகத்தைக் குறைத்தால் தணியும். மறுநாள் வலியோ, பழகாத பளுவால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தாலும் அதைத் தொடரும் அழற்சியாலும் வருவது. இறக்கத்தில் ஓடினால் அது மிகும். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடைந்து தானாகவே அடங்கும்.

பிடித்துவிடுவது இதமளித்தால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதனால் அமிலம் வெளியேறுவதில்லை. ஓட்டத்தைச் சட்டென நிறுத்தாமல் சில நிமிடங்கள் மெல்ல ஓடினால் லாக்டேட் விரைவாகச் செலவாகும். வலியைக் குறைக்க, தூரத்தையும் வேகத்தையும் வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள். கடும் வலியோடு தசை வீங்கினாலோ, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.