இந்த மரத்தில் பால் வராது: ஓவியக்கூடம் பற்றிச் சில கேள்விகள்

தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், ஓட்டுக்கூரை போட்ட ஒரு பழைய வீட்டில் 28 வருடமாக ஆயில் பெயின்ட்டும் வாட்டர் கலருமாக உட்கார்ந்திருக்கிறேன். படம் வரைகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்து குவிந்துவிட்டன. பாதிக் கேள்வி மழையைப் பற்றி. நம் ஊர் அப்படி.

அண்ணா, வடக்குப் பார்த்த ஜன்னல்தான் ஓவியருக்கு நல்லது என்று படித்து, அப்படியே கட்டினேன். மே மாதம் முழுக்க கேன்வாஸ் மேல் வெயில் விழுகிறது. எங்கே தப்பு? (நாகர்கோவில்)

தப்பு உங்களுடையது இல்லை தம்பி. அந்த அறிவுரை ஐரோப்பாவுக்குச் சொன்னது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை சொச்சம் வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரம் உச்சியைத் தாண்டும் சூரியன் ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் போகும். உச்சி வெயிலை இறவாரம் தடுத்துவிடும். காலையில் வடகிழக்கிலிருந்தும் மாலையில் வடமேற்கிலிருந்தும் சாய்ந்து வருவதைத் தடுக்காது. ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் வெளிப்பக்கமாகச் செங்குத்தாக ஒரு பலகை அடியுங்கள். நான் அதுகூடச் செய்யவில்லை. ஒரு பழைய நாலு முழ வேட்டியைக் குறுக்கே கட்டியிருக்கிறேன். அதில் வடிந்து வரும் வெளிச்சம் முகம் வரைய ரொம்ப நன்றாக இருக்கும். கரை இல்லாத வேட்டியாகப் பாருங்கள். என்னுடையதில் பச்சைக்கரை, ஓரமாக நிற்கிறவர் கன்னத்தில் லேசாகப் பச்சை ஏறும்.

இடவப்பாதி மழை தொடங்கினால் ஆயில் பெயின்ட் பத்து நாளானாலும் கையில் ஒட்டுகிறது. என்ன செய்வது? (மார்த்தாண்டம்)

ஆயில் பெயின்ட் ஈரத்துணி மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. ஈரமும் குளிரும் அதைத் தாமதப்படுத்தும். நிறத்துக்கு நிறமும் வித்தியாசம் உண்டு: அம்பர் என்கிற பழுப்பு நிறத்தில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக்கும் காட்மியம் சிவப்பும் இழுத்தடிக்கும். மழைக்காலத்தில் முதல் பூச்சை அம்பரில், டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே போகப்போக எண்ணெய் கூடலாம். கீழே எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால் பின்னால் வெடிப்பு விடும். அவசரம் என்றால் பெயின்ட்டைச் சீக்கிரம் காய வைக்கும் ஆல்கைட் மீடியம் கலக்கலாம். மழை என்று அறையை அடைத்துப் போடாதீர்கள், மின்விசிறி ஓடட்டும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், பூச்சு தடிமன் என்றால் ஒரு வருடம்.

என் வாட்டர் கலர் தாள்களில் பூசணம் பிடித்துவிட்டது அங்கிள். வெயிலில் போடலாமா? (குலசேகரம், கல்லூரி மாணவி)

கொஞ்ச நேரம் போடலாம் மக்கா, நாள் முழுக்க வேண்டாம், நிறம் வெளுக்கும். முதலில் நன்றாகக் காய விடு. அப்புறம் முற்றத்துக்குக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெத்தென்ற உலர்ந்த பிரஷால் தட்டி எடு. ஈரத்துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். சட்டம் போட்ட படம் என்றால் பின்பக்கம் நாலு மூலையிலும் கார்க்குத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடு. மழை ஊறிய சுவரோடு படம் ஒட்டிக் கிடந்தால் மறுபடியும் வரும்.

ஸ்டுடியோவில் நீங்கள் செய்த பெரிய முட்டாள்தனம்? (பாறசாலை)

கேட்டுவிட்டீர்கள். பிரஷ் துடைத்த எண்ணெய்த் துணிகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அமுக்கி வைத்திருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் வாளியிலிருந்து புகை. தீக்குச்சி, பீடி எதுவும் கிடையாது. முன்னே சொன்னேனே, எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும் என்று; இழுக்கும்போது சூடும் உண்டாகும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், சுருட்டிய துணிக்குள் சேர்ந்துகொண்டே போய்த் தானாகப் பற்றும். வாளியின் அடி உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. ஓடு வேய்ந்த வீட்டில் மேலே முழுக்க மரச்சட்டம், யோசித்துப் பாருங்கள். இப்போது துணிகளை ஒவ்வொன்றாக வெளியே கொடியில் விரிக்கிறேன். முடியாத நாளில் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவேன்.

போனில் படம் போட்டால் நாற்பது பேர் கைதட்டுகிறார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. படத்தை மக்களிடம் எப்படித்தான் கொண்டுபோவது? (செங்கோட்டை)

திண்ணையில் வையுங்கள். கேலி இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சில வருடத்துக்கு முன் ரப்பர் தோட்டத்தை மூன்றடிக்கு நாலடியில் வரைந்தேன். விடியற்காலை, பனி, மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் சிரட்டை. திருவனந்தபுரத்திலிருந்து வந்த நண்பர்கள் பார்த்துவிட்டு ஒளி, ஆழம் என்று அரைமணி நேரம் பேசினார்கள். மறுநாள் காய்வதற்காகத் திண்ணையில் சாத்தியிருந்தேன். பால் வெட்டப் போகிற அண்ணாச்சி ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "படம் நல்லாருக்கு தம்பி. ஆனா இந்த மரத்துல பால் வராது" என்றார்.

வெட்டு இடதுபக்கம் மேலே தொடங்கி வலதுபக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. இப்படிச் சரித்து வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். நான் எல்லா மரத்திலும் தலைகீழாகச் சரித்திருந்தேன். ஒளி பற்றிப் பேசிய ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை, என் கண்ணிலும்தான்.

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்ததோ காயாததோ, இருக்கிற படங்களைத் திண்ணையில் அடுக்குகிறேன். சாயாவும் உண்டு. கொச்சி தர்பார் ஹால் கலைக்கூடம் மாதிரி இடங்களில் வைப்பது வேறு சந்தோஷம், விண்ணப்பியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2012 டிசம்பரில் கொச்சியில் பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கண் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே வருகிறவர் படம் பார்ப்பதற்கென்றே வருகிறார். திண்ணைக்கு வருகிறவர் வேறு வேலையாகப் போகிறவர், அவரை நிறுத்தப் படத்துக்குத் தெம்பு வேண்டும். கிளிமானூர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுப் பூஜை அறைக்கு வந்தார்கள். அச்சில் நிறம் கெட்டது என்று குறை சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும், என் பாட்டி தினமும் விளக்கேற்றியது அந்தக் கெட்ட நிறத்துக்கு முன்னால்தான்.

செல்போனில் ஓவியத்தைப் படம் எடுத்தால் பளபளப்பு அடிக்கிறது. (கொழிஞ்சாம்பாறை)

ஃப்ளாஷை அணையுங்கள். வெயில் நேரே விழாத வராந்தாவில் படத்தைச் சாத்தி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டே போனால் ஓரங்கள் வளையும்.

ஒரு கடைக்காரர் காசு கொடுத்து என்னிடம் ஒரு உருவப்படம் வரைந்து வாங்கினார். இப்போது அதைக் காலண்டரில் அச்சடித்துவிட்டார். கேட்க முடியுமா சார்? (புளியரை)

காலண்டருக்காகப் பணம் கேட்பது கஷ்டம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரைவித்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை அவருக்கே போகும். நீங்களாக வரைந்து விற்ற படம் அப்படி இல்லை. படம் கைமாறினாலும் அச்சிடும் உரிமை எழுதிக் கொடுக்கும்வரை உங்களிடம்தான். உங்கள் விஷயத்திலும் வரைந்தவர் நான் என்று கோரும் உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது, பெயரைப் போடச் சொல்லுங்கள். அடுத்த தடவை முன்பணம் வாங்கும்போதே அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

விலை எப்படி வைப்பது? (வேளிமலை)

அளவை வைத்து. சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று. பிடித்த படத்துக்குக் கூடுதல் விலை வைத்தால், மற்றது உங்களுக்கே பிடிக்கவில்லை என்று வாங்க வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

அந்த ரப்பர் படத்தை அப்புறம் திருத்தினீர்களா மாமா? (தக்கலை, என் அக்கா மகன்தான்)

முன்னால் நிற்கும் மூன்று மரத்தில் சுரண்டித் திருத்தினேன். பின்னால் இருப்பவை பனிக்குள் மங்கலாகத்தானே இருக்கின்றன, தெரியாது என்று விட்டுவிட்டேன். அண்ணாச்சிக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயா கிளாஸோடு வந்து நேரே அந்த மூலையைத்தான் பார்க்கிறார்.