சபை ஆராதனைக்குப் பாடல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நடத்துவது?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நிலைமை இதுதான்: சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, ஞாயிறு காலை ஆராதனை, பாடல் பொறுப்பை ஐயர் (சபைப் போதகர்) வாலிபர் குழுவிடம் கொடுத்துவிட்டார். பெரியவர்கள் பாமாலையும் (ஐரோப்பிய மெட்டில் பாடும் பாட்டுகள்) கீர்த்தனையும் (நம் இராக தாளத்தில் கட்டிய பாட்டுகள்) வேண்டும் என்கிறார்கள், வாலிபர்கள் யூடியூபில் கேட்கும் புதுப் பாட்டு வேண்டும் என்கிறார்கள், நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் பல வருடங்களாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். பழைய பாட்டா புதுப் பாட்டா என்பதை அப்புறம் பார்ப்போம். சபையார் வாய் திறந்து பாடுகிறார்களா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. குழு எவ்வளவு அருமையாகப் பாடினாலும் சபை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அந்த ஞாயிறு கச்சேரிதான் நடந்திருக்கிறது.

தேர்வைப் பஞ்சாங்கத்திலிருந்து, அதாவது திருச்சபையின் ஆண்டு நாட்காட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த ஞாயிறுக்கான தியானப் பொருளும் வேதபாடங்களும் அதில் இருக்கும். வாரத்தின் தொடக்கத்திலேயே அவற்றை வாசித்துவிட்டு, பிரசங்கம் எந்தப் பகுதியில் என்று ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பப் பாட்டு எல்லாருக்கும் தெரிந்ததாக, தேவனைத் துதிப்பதாக இருக்கட்டும். பிரசங்கத்தை ஒட்டிய பாட்டு அந்த வேதபகுதியோடு பேச வேண்டும். நற்கருணை (அப்பமும் திராட்சரசமும் வாங்கும்) நேரத்துக்கு, ஜனங்கள் புத்தகம் இல்லாமலே பாடத் தெரிந்த பாட்டு நல்லது. எழுந்து போய் வாங்கிவிட்டு வருகிறவர்கள் கையில் புத்தகத்தை எப்படி வைத்திருப்பார்கள்?

வரிகளைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து வாசியுங்கள். "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் சொல்லியிருக்கிறாரே, அந்தக் கருத்து என்ன என்று பாருங்கள். பாட்டு முழுக்க எனக்கு, என்னை, என் ஆசீர்வாதம் என்றே போகிறதா? சிலுவை எங்காவது வருகிறதா? இன்னொன்றும் பாருங்கள். சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. நம் ஞாயிறுகளில் அந்தக் குரல் வருவதே இல்லை. போன வாரம் தாயை அடக்கம் பண்ணினவரும், பரீட்சையில் தோற்ற பையனும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். கைதட்டும் பாட்டையே அடுத்தடுத்துக் கொடுத்தால் அவர்கள் எதைப் பாடுவார்கள்? ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்துக்கு மட்டும் இதை ஒதுக்கி வைக்காமல், மாதத்தில் ஒரு ஞாயிறாவது மன்றாட்டுப் பாட்டுக்கு இடம் கொடுங்கள்.

நேரம் போதவில்லை என்று சரணங்களை வெட்டும் பழக்கம் எனக்குப் பெரிய வருத்தம். "1, 2, 4 மட்டும் பாடுவோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். திரியேகரைத் துதிக்கும் பாட்டுகள் பலவற்றில் பிதாவுக்கு ஒரு சரணம், குமாரனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று என்று இருக்கும். அதில் மூன்றாவதை விட்டால் யாரை விட்டோம் என்று பாருங்கள். நேரம் இல்லையென்றால் ஒரு பாட்டைக் குறையுங்கள், எடுத்த பாட்டை முழுதாகப் பாடுங்கள்.

அடுத்தது சுருதி. சபை வாயை மூடிக்கொள்வதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். யூடியூபில் இருப்பது அந்தப் பாடகரின் குரலுக்கு எடுத்த சுருதி. அவர் எட்டுகிற இடத்தை அறுபது வயதுக்காரர் எட்ட முடியாமல் இரண்டு வரியில் நிறுத்திவிடுவார். பாட்டைக் கீபோர்டில் வாசித்து, அதன் உச்ச சுரம் எது என்று கண்டுபிடியுங்கள். அது மேல் 'டி'யைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் எல்லாரும் பாடுவார்கள். மத்திய ஸட்ஜத்திலிருந்து (நடு 'ச') மேல் அந்தர காந்தாரம் (மேல் 'க') வரை போகும் மெட்டு ஒன்றை 1 கட்டையில், அதாவது 'சி' சுருதியில் எடுத்தால் உச்சம் 'ஈ'யில் போய் நிற்கும். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸில் மைனஸ் 2 போட்டு 6½ கட்டைக்கு, அதாவது பி பிளாட்டுக்கு இறக்கினால் அதே இடம் 'டி' ஆகிவிடும். பி பிளாட்டில் வாசிக்கக் கஷ்டம் என்று கிதார்காரத் தம்பி சொன்னால், மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கிளிப்) போட்டு ஜி கோர்டுகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். காலை முதல் ஆராதனையில் தொண்டை இன்னும் திறந்திருக்காது, அரைக் கட்டை குறைத்தாலும் நல்லது.

நடத்தும்போது மெட்டை நேராகப் பாடுங்கள். சங்கதி, பிருகா என்று மெட்டை அலங்கரித்துப் பாடினால் எந்த சுரத்தைப் பிடிப்பது என்று சபைக்குத் தெரியாது. முன்னிசைக்குப் பாட்டின் கடைசி வரியை வாசித்தாலே போதும், எங்கே எடுப்பது என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். சபை பிடித்துக்கொண்டதும் மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் வாருங்கள். ஒரு சரணத்துக்கு வாத்தியங்களை மொத்தமாக நிறுத்திப் பாருங்கள். சபையின் குரல் அப்போது நன்றாகக் கேட்கும், அவர்களுக்கும் கேட்கும். பாட்டுக்கு நடுவே குட்டிப் பிரசங்கம் வேண்டாம், அதற்கு ஐயர் இருக்கிறார்.

சரி, பழையதா புதியதா? இன்று பெரியவர்கள் விட்டுக்கொடுக்காத கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுப் பாட்டுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் இசை வடிவத்திலேயே பாட்டுக் கட்டினார். அவற்றில் பலவற்றைச் சேர்த்து, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து வெளியிட்டார். ஐரோப்பிய மெட்டில் மொழிபெயர்ப்புப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு அது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்! நம் காலத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டை அமைத்தார். இந்தச் சரித்திரத்தை இரண்டு தரப்புக்கும் சொல்லுங்கள். அப்புறம் புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். முதல் வாரம் காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடட்டும், அடுத்த இரண்டு வாரம் சபையோடு சேர்ந்து பாடுங்கள். மூன்றாவது வாரமும் ஜனங்கள் திணறினால் அந்தப் பாட்டு உங்கள் சபைக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள்.

கீர்த்தனையை வாலிபர்களுக்குப் பிடிக்கவைப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். சரணத்தைக் குழு பாட, பல்லவியைச் சபை எடுக்கட்டும். தபேலாவோ டோலக்கோ சேர்ந்தால் இன்னும் நல்லது. புத்தகத்தில் இராகமும் தாளமும் போட்டிருக்கும், ஆனால் ஊருக்கு ஊர் மெட்டு கொஞ்சம் மாறும். உங்கள் சபை மெட்டு எது என்று வயதான உபதேசியார்களுக்கும் (சபை ஊழியர்கள்) பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பாட்டிகளுக்கும்தான் தெரியும். இந்த வாரமே போனை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், ஆளுக்குப் பத்துக் கீர்த்தனை பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாலிபர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.