பேரியம் எங்கே போனது?

நிலத்தைத் துளையிட்டு எடுத்த கல்லில் பாரைட் (பேரியம் சல்பேட் கனிமம்) கண்ணுக்கே தெரிகிறது, கையிலும் கனக்கிறது. ஆனால் ஆய்வக அறிக்கையில் பேரியம் மிகக் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். கல்லின் மீது பழியில்லை, கரைத்த விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பாரைட் அமிலங்களுக்கு எளிதில் மசியாது. நான்கு அமிலங்கள் சேர்த்தாலும் முழுதாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும். அதே பொடியை உருக்கி வில்லையாக்கி, எக்ஸ்கதிர் ஒளிர்வு முறையில் அளக்கச் சொல்லுங்கள். கல்லில் சல்பைடு (கந்தகத்தோடு சேர்ந்த உலோகக் கனிமங்கள்) அதிகம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் உருக்கும்போது ஆய்வகத்தாரின் பிளாட்டினக் கிண்ணம் பாழாகும், உங்கள் மேல் கோபமும் வரும்!

அதுவரை அடர்த்தி ஓரளவு உதவும்: நீரோடு ஒப்பிட்டால் பாரைட் சுமார் 4.5 மடங்கு, துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட் சுமார் 4 மடங்கு. ஆனால் ஈயத் தாதுவான கலீனா 7.5 மடங்கு என்பதால், ஈயம் மிகுந்த துண்டில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

பாரைட் குறையும் இடத்தில் துத்தநாகம் ஏறுவது ஏன் என்ற கேள்விக்கு அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம் நல்ல பாடம். அங்கே கரிய களிப்பாறைக்குள் முதலில் பாரைட் படிந்தது; பிறகு வந்த சல்பைடுகளும் குவார்ட்ஸும் அதைத் தின்று இடம்பிடித்தன. ஸ்பாலரைட்டின் நிறம் மஞ்சளிலிருந்து கரும்பழுப்பாக மாறுவது பெரும்பாலும் இரும்பின் அளவால். நிறத்தை மட்டும் நம்பி இரண்டு தாதுப்படிவுகள் என்று பிரித்துவிடாதீர்கள்.