குளிர்காலத்துக்கு மோட்டார் ஹோமை (தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியை) நிறுத்துமுன் நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தால் போதுமா?

போதாது. தொட்டியின் வால்வைத் திறந்தால் தொட்டி மட்டும்தான் காலியாகும். "அவ்வளவுதான் வேலை என்று நண்பர் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வண்டி நிற்கும் இடத்தில் உறைபனி இல்லாமல் இருக்கலாம். உங்கள் பக்கம் இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குமென்றால் தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் உறைந்தால் அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். பெரிய தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் அது விரிய மேலே இடம் இருக்கிறது. பம்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கிண்ணம், பம்பின் தலைப்பகுதி, சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் குழாயின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ், இவற்றில் அந்த இடம் கிடையாது. ஒரு மடக்குத் தண்ணீர் போதும், பிளந்துவிடும். பிளந்தது அப்போது தெரியவும் தெரியாது. பனி விட்டதும் தொட்டியை நிரப்பி, பம்பைப் போடும்போதுதான் தெரியும்.

எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. வண்டி வாங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டோம். "குளிர்காலத் தயாரிப்பு முடிந்தது" என்று பில்லில் தனி வரியாகப் போட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பயணத்துக்குத் தயாரானபோது பம்பைப் போட்டேன். போட்ட பம்ப் நிற்கவே இல்லை. எல்லாக் குழாயும் மூடியிருந்தும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ தண்ணீர் வெளியேறுகிறது என்று அர்த்தம். இருக்கைப் பெட்டியைத் திறந்தேன், ஃபில்டர் கிண்ணத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். குளியலறைச் சுவரின் பலகையைக் கழற்றினேன், ஷவர் குழாயின் உடம்பே பிளந்து, தண்ணீர் சுவருக்குப் பின்னால் வழிந்து தரைப்பலகைக்குள் இறங்கியிருந்தது. தொட்டியையும் தண்ணீர் ஹீட்டரையும் அவர்கள் ஒழுங்காகத்தான் வடித்திருக்கிறார்கள். ஷவர் குழாயைத் திறந்து வைக்கவில்லை, கிண்ணத்தைக் கழற்றவில்லை. மொத்தமும் சில நிமிட வேலை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. விரிசல் விட்ட கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த சர்வீஸ் நிலையத்தில் கேள்வி கேட்டது நான். அங்கிருந்த மெக்கானிக் பதில் சொன்னது முழுக்க என் கணவருக்கு. "சார், பனியில் இதெல்லாம் சகஜம்" என்றார். வண்டியை ஓட்டுவது, கேஸ் மாற்றுவது, பலகையைக் கழற்றியது எல்லாம் நான்தான் என்று என் கணவரே சொன்ன பிறகும் அவர் முகம் என் பக்கம் திரும்பவில்லை. பணம் திரும்பாததைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதன் பிறகு இந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஹீட்டரை முந்தைய நாளே அணைத்துவிடுவேன். சூடாக இருக்கும்போது வடித்தால் கை வெந்துபோகும். சில ஹீட்டர்களில் வடிகால் மூடியோடு, ஹீட்டர் அரித்துப்போகாமல் காக்கும் ஆனோடு கம்பியும் சேர்ந்தே இருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அதைத் திருகினால் பீய்ச்சி அடிக்கும். அதனால் முதலில் பம்பை நிறுத்தி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும்.

பிறகு தொட்டியின் வால்வு, வண்டியின் அடியில் தாழ்வாக இருக்கும் வடிகால் வால்வுகள் எல்லாவற்றையும் திறந்துவிடுவேன். சுடுதண்ணீர் வரிசைக்கு ஒன்று, பச்சைத்தண்ணீர் வரிசைக்கு ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு இருக்கும். இவற்றை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று யோசித்தே வண்டி கட்டுகிறார்களோ என்று தோன்றும். என்னுடையதில் ஒன்று அலமாரியின் பொய்த்தரைக்கு அடியில் இருக்கிறது, கையேட்டில் அதற்குப் படம்கூட இல்லை. வடிகால் இருக்கும் மூலை தாழ்ந்து நிற்கும்படி எதிர்ப்பக்கச் சக்கரங்களைச் சாய்வுக்கட்டையில் ஏற்றி நிறுத்துங்கள். சமதரையில் வராத தண்ணீர் அப்போது வரும்.

குழாய்கள்தான் முக்கியம். ஒவ்வொன்றையும் திறந்து, கைப்பிடியைச் சூட்டுப் பக்கம் ஒருமுறை, குளிர்ப் பக்கம் ஒருமுறை திருப்பி, கடைசியில் நடுவில் நிறுத்த வேண்டும். குளிர்காலம் முழுக்க அப்படியே திறந்தே இருக்கட்டும். ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து இறக்கித் தரையில் போடுங்கள். மேலே தொங்கினால் ஹோஸின் வளைவில் தண்ணீர் நிற்கும். கழிப்பறையின் ஃப்ளஷ், வெளிப்புற ஷவர் இரண்டையும் பலர் மறக்கிறார்கள். எல்லாம் திறந்திருக்கும்போது பம்பைச் சில விநாடிகள் ஓட விட்டால் அதன் வயிற்றில் தங்கியதும் வெளியே வந்துவிடும். அதற்குமேல் வறட்டு ஓட்டம் வேண்டாம். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவேன்.

காற்றை ஊதிக் காலி செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் 2 பாருக்கு, அதாவது ஏறக்குறைய 30 பிஎஸ்ஐக்கு, மேலே போகாதீர்கள். மோட்டார் ஹோம் டயருக்கு அடிக்கும் அழுத்தத்தை இந்தக் குழாய் இணைப்புகளுக்குக் கொடுத்தால் பனி செய்யவேண்டியதை நீங்களே செய்துவிடுவீர்கள்.

உறைபனியில் தானே திறக்கும் வால்வு இருக்கிறது, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று ஒருவர் நிச்சயம் பின்னூட்டம் போடுவார். ட்ரூமா நிறுவனத்தின் பல தண்ணீர் ஹீட்டர்களில் அப்படி ஒரு வால்வு உண்டு, மின்சாரம் இல்லாமலே 3 டிகிரி அளவில் திறந்துகொள்ளும், நல்ல ஏற்பாடு. அது காப்பாற்றுவது ஹீட்டரை. ஷவர் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் அதன் வழியாக வராது.

குழாய்களில் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. கடுங்குளிர் நாடுகளில் அதுதான் பழக்கம், முறையாகச் செய்தால் பாதுகாப்பானது. குடிநீர்க் குழாய்க்கென்றே விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். இன்ஜினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். ஹீட்டரைப் பைபாஸ் செய்துவிட்டுத்தான் குழாய்களில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாதி அதற்குள்ளேயே போய்விடும். குழாய்களை வடித்து வைப்பதே எனக்குப் பிடித்த முறை. சிங்க்குக்கு அடியில் இருக்கும் கழிவுநீர் வளைகுழாய்களில் மட்டும் கொஞ்சம் ஊற்றுகிறேன், ஏனென்றால் அங்கே தண்ணீர் நிற்பதற்காகவே வளைத்திருக்கிறார்கள்.

உங்கள் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள், எல்லா வண்டியையும் நான் பார்த்ததில்லை. வடிகால் வால்வுகள் எங்கே என்று தெரியாவிட்டால் வண்டியின் மாடலையும் ஆண்டையும் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள். அதே வண்டி வைத்திருக்கும் யாராவது எந்தப் பலகைக்குப் பின்னால் என்று சொல்லிவிடுவார்கள்.